நாலு மாத்திரை கூடுதல்

நான் எண்ணினால் தப்பாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். எதற்குப் பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். சௌந்தரவல்லி என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி கூட லாரி ஏறியதில்லை.

வேலை இதுதான். துணியில் ஒரு துண்டு வெட்டி, பந்தாக உருட்டி, தண்ணீரில் போட வேண்டும். பத்து விநாடிக்குள் மூழ்கினால் நல்ல துணி, காயத்தில் வைத்தால் ரத்தத்தை உறிஞ்சும். மிதந்தால் சரியாக வெளுக்கவில்லை என்று அர்த்தம், திருப்பி அனுப்ப வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு துண்டோடும் அது எந்தத் தறிக்காரருடைய துணி என்று பேர் எழுதிய சீட்டு வரும். பேரைப் பார்த்ததும் சோதிக்கிறவர்களின் கடிகாரம் சிலருக்கு மெதுவாகவும் சிலருக்கு வேகமாகவும் ஓடும். மனுஷ சுபாவம். நான்தான் மானேஜரோடு சண்டை போட்டு அதை மாற்றினேன். பேர் வேண்டாம், நம்பர் மட்டும் இருக்கட்டும். எந்த நம்பர் யாருடையது என்கிற நோட்டு உங்கள் மேஜையில் பூட்டிக் கிடக்கட்டும். சோதிக்கிற எனக்கே தெரியக் கூடாது என்றேன். நாலைந்து தறிக்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். நிம்மதியாக வேலை பார்த்தேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆவணி முதல் வாரம், பஸ் ஸ்டாண்டில் மார்பை அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருப்பதாகப் படம் எடுத்துச் சொன்னார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியில் இருந்த பலூனை ஊதி, அடைப்பை ஓரமாகத் தள்ளி வழி பண்ணினார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி என்று பேர். தொடையில் போட்டிருந்த கட்டு எங்கள் கம்பெனித் துணியா என்று ஓரத்தைப் பிரித்துப் பார்த்ததற்காக நர்ஸிடம் திட்டு வாங்கினேன். எங்கள் துணிதான்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் டாக்டர் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"வழி திறந்தாச்சும்மா. ஆனா முழுசா சொல்லிடறேன். மூணு பேர்ல ஒருத்தருக்கு ஆறு மாசத்துக்குள்ள அதே இடம் திரும்பச் சுருங்கிடுது. பலூன் பட்ட இடத்தை உடம்பு காயம்னு நெனச்சு, ஆத்தறேன்னு சதையை வளர்த்து வழியை அடைச்சிடுது. ஆஸ்பிரின் குடுக்கறோம், அது ரத்தம் உறையாம பாத்துக்கும். சுருங்கறதைத் தடுக்க மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை."

"சுருங்கினா?"

"மறுபடி பலூன் பண்ணலாம். இல்லேன்னா நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்."

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். மீன் எண்ணெய் அதைத் தடுக்குமோ என்று சில ஊர்களில் ஆராய்ச்சி நடக்கிறது, இந்த ஆஸ்பத்திரியும் அதில் இருக்கிறது. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மீன் எண்ணெய் அடைத்த மாத்திரை, மீதிப் பேருக்குச் சோள எண்ணெய் அடைத்த மாத்திரை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே புதினா வாசனை. ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்து, யாருக்குச் சுருங்கியது, யாருக்குச் சுருங்கவில்லை என்று பார்ப்பார்கள்.

"உங்களுக்கு எது வருதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாட்டில்ல நம்பர் மட்டும்தான் இருக்கும்" என்றார்.

நம்பர் மட்டும் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த மனிதர் இத்தனை படித்துக் கண்டுபிடித்திருப்பதை நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு இராஜபாளையத்தில் பதினைந்து வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். மீன் என்கிற வார்த்தை அதற்குப் பிறகுதான் உறைத்தது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஜகந்நாதன் சப் போஸ்ட்மாஸ்டர். வெங்காயம், பூண்டு வாசல்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. வெளியில் காபி கூடக் குடிக்கமாட்டார். முப்பது வருஷமாகக் கோயில் கோஷ்டியில் இரண்டாவது வரிசையில் நின்று பாசுரம் சேவிப்பவர். மார்கழி முப்பது நாளில் ஒரு நாள் தவறினதாக எனக்கு நினைவில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் அவரிடம் முதலில் பிடித்ததே அந்தக் குரல்தான். இதை அவரிடம் சொன்னதில்லை, தலைக்கு ஏறிவிடும்.

அந்தக் காகிதத்தை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து விடாமல் படித்தார். மடித்துக் கையில் கொடுத்தார்.

"மருந்துக்கு தோஷம் கெடையாது. பெரியவாளே சொல்லிருக்கா. நீ தாராளமா சாப்பிடு" என்றார்.

வேளைக்கு இரண்டு, நாளைக்கு ஆறு. இருபத்தெட்டு நாளைக்கு நூற்றறுபத்தெட்டு. பாட்டிலில் இருநூறு இருக்கும். மிச்சத்தைப் பாட்டிலோடு திருப்பிக் கொண்டுபோனால், அங்கே எண்ணிப் பார்த்துவிட்டுப் புதுப் பாட்டில் தருவார்கள். சமைக்கிற இடமான தளிகை உள்ளில் வைக்க மனசு வராமல் படுக்கிற அறையில் ஜன்னலை ஒட்டிய மாடத்தில் வைத்தேன். முதல் இரண்டு மாத்திரையைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு விழுங்கினேன். தோஷமில்லை என்று புத்திக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனபோது பேக்கிங்கில் இருக்கும் ஆவுடையம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மத்தியான மாத்திரையை நான் எடுக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமி, ஒண்ணே ஒண்ணு குடுங்க. ஒடச்சு மோந்து பாத்து மீனா இல்லையான்னு சொல்லிருதேன். நான் திங்காத மீனா?"

"தெரியக் கூடாதுங்கறதுதான் கணக்கே."

"உங்களுக்குத் தெரிஞ்சா என்ன? டாக்டருட்ட சொல்லாதிய."

"எனக்குத் தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். வலியே இல்லாத எடத்துல வலிக்கும், வலிக்கற எடத்துல வலிக்காது. அப்பறம் நான் சொல்றதை வெச்சு அவர் என்ன முடிவு பண்ணுவார்?"

"எம்புட்டு வீம்பு" என்று எழுந்து போனாள். வீம்புதான். ஆறு மாதத்தில் அந்தக் குழாய் சுருங்குமா சுருங்காதா என்பது என் கையில் இல்லை. படியேறும்போதெல்லாம் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொள்வேன். என் கையில் இருந்தது எண்ணிக்கை ஒன்றுதான். அதையாவது அப்பழுக்கில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் வைராக்கியம்.

அதில்தான் மண் விழுந்தது.

மதுரையில் மாத்திரை எண்ணுகிறவள் பரிபூரணம், இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரத்துப் பெண். முதல் மாதம் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணிவிட்டு, "முப்பத்திரண்டு இருக்கணும்மா, இருவத்தெட்டு இருக்கு. நாலு கூடுதலா சாப்பிட்டிருக்கீங்க" என்றாள். நான் சாப்பிடவில்லை. பாட்டிலில் அடைத்தவன் குறைத்து அடைத்திருக்கிறான் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு பஸ்ஸில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

இரண்டாவது பாட்டிலை அவள் மேஜையிலேயே கொட்டி எண்ணினேன். இருநூறு. மாதக் கடைசியில் மறுபடியும் இருபத்தெட்டு. மூன்றாவது மாதம் ஒவ்வொரு வேளையும் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கோடு சரியாக இருந்தது, பாட்டிலில் நாலு குறைந்தது. என் புத்தி மழுங்கிவிட்டதா என்று பயந்துபோனேன். இதய நோயை விட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

பரிபூரணம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மாசாமாசம் இப்படி வந்தா சிரமம்மா. சொன்னதுக்கு மேல சாப்பிடுதவங்க கணக்கை எடுத்துக்கிட மாட்டாங்க. அடுத்த மாசமும் இப்படி இருந்துச்சுன்னா பேரை எடுத்துருவாங்க" என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு கவலை. இவர் கோஷ்டியில் நிற்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் தொண்டை கரகரக்கிறது என்றார். புரட்டாசி முழுக்க நிற்கவில்லை. சுக்கு, மிளகு, அதிமதுரம் போட்டு தினமும் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடிப்பார். மார்கழி பிறந்தது. முதல் நாள் கோயிலுக்குப் போனவர், கோஷ்டி நிற்கிற இடத்துக்குப் போகாமல் கடைசித் தூணுக்குப் பின்னால் தனியாக நின்று, வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு வந்தார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். தொண்டையில் பெரிய வியாதி ஏதோ இருக்கிறது, என்னிடம் மறைக்கிறார் என்றே முடிவு கட்டினேன்.

அந்தக் கவலையோடு பரிபூரணத்தின் எச்சரிக்கையும் சேர்ந்துகொள்ள, அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாத்திரையை எண்ணினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி எண்ணினபோது என் கோட்டுக்கும் பாட்டிலுக்கும் இரண்டு வித்தியாசம் இருந்தது. அந்தப் பாட்டிலைத் திறந்ததிலிருந்து அதுவரை வந்தது இரண்டு சனிக்கிழமைகள். அப்போதுதான் பொறி தட்டியது. நாலு வாரத்துக்கு நாலு.

மறுநாள் சனிக்கிழமை. பெருமாளுக்கு உகந்த நாள் என்று அவர் ஒருவேளைதான் சாப்பிடுவார். காபியை ஆற்றிக்கொண்டு அறை வாசலில் சத்தம் காட்டாமல் நின்றேன். குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு வந்தவர் நேராக மாடத்துக்குப் போனார். பாட்டிலைத் திறந்து ஒரே ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பெருமாள் படத்தைப் பார்த்துக் கண்ணை மூடி நின்றார். பிறகு வாயில் போட்டுத் தண்ணீர் விட்டு விழுங்கினார். விழுங்கும்போது அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது.

"ஏன்னா, என்ன பண்றேள்?"

திரும்பினார். மறைக்கப் பார்க்கவில்லை, அது அவருக்கு வராது. பாட்டிலை மூடி மாடத்தில் வைத்தார்.

"மொதல் நாள் நீ சுவரைப் பாத்து நின்னுண்டு அழுதே. நான் ஜன்னலுக்கு வெளியில துளசிக்குத் தீர்த்தம் விட்டுண்டிருந்தேன்."

"மருந்துக்கு தோஷமில்லைன்னு நீங்கதானே சொன்னேள்?"

"உனக்கு இல்லை. எனக்கு ஒரு வியாதியும் இல்லையே, எனக்கு உண்டு. உன்கிட்ட சாப்பிடுன்னு சுலபமா சொல்லிட்டேன். சொல்லிட்டு நான் மட்டும் சுத்தமா போய் வரிசையில நின்னா நன்னாவா இருக்கும்? உன் மருந்து கொறையப்படாது, அதான் மிச்சத்துலேர்ந்து வாரம் ஒண்ணு. சாப்பிட்டதுக்கப்பறம் கோஷ்டியில நிக்க யோக்யதை இல்லை. தள்ளி நின்னுக்கறேன்."

"தொண்டை?"

"தொண்டைக்கு ஒண்ணும் இல்லை. அது ஒண்ணுதான் பொய். அதுக்குத்தான் உன் கஷாயத்தைக் குடிச்சேனே."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் எண்ணிக்கையைக் கெடுத்தீர்களே, என்னைப் பைத்தியம் என்று நானே நினைக்கும்படி பண்ணினீர்களே என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். அவர் ஆறிப்போன காபியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். ஊரில் அந்தக் குரலுக்காகவே மார்கழியில் காத்திருப்பவர்கள் உண்டு. அதைக் கழற்றித் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார் இந்த மனிதர். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

மதுரைக்குப் போய்வரும் வரைக்கும் மாத்திரையைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். இப்போது பிரச்சினை, பாட்டிலோடு கொடுக்க வேண்டிய கணக்குக் காகிதம். வித்தியாசம் வந்தால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். தவறுதலாக நானே கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று எழுதினால் என் பேர் போகும். உள்ளதை எழுதினால் அவர் பேர் போகும். பரிபூரணம் தளவாய்புரத்துக்காரி, அங்கே சொன்னது இங்கே வந்து சேர எத்தனை நாள் ஆகும்? கோஷ்டிக்காரர் மீன் எண்ணெய் சாப்பிட்டார் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அப்புறம் அவரை யார் வரிசையில் நிற்க விடுவார்கள்? மதுரைக்குப் போகிற நாள் வரைக்கும் யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"என்ன எழுதட்டும்?"

"நடந்ததை எழுது" என்றார். "நீ தப்புக் கணக்கு எழுதி நான் பாத்ததில்லை. எனக்காக ஆரம்பிக்க வேண்டாம்."

எழுதினேன். முந்தின மூன்று பாட்டிலில் நந்நான்கு, இதில் மூன்று, ஆகப் பதினைந்து மாத்திரை. சாப்பிட்டது நோயாளியின் கணவர். நோயாளிக்குரியதில் ஒன்று கூடக் குறையவில்லை. கீழே தேதியோடு கையெழுத்து.

பரிபூரணம் படித்தாள். வெளியே பெஞ்சில் திருமண்ணோடு உட்கார்ந்திருந்தவரை எட்டிப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"அவிய கோயில் காரியத்துல உள்ளவியதானே?"

"ஆமா."

"மீனுன்னு தெரிஞ்சேவா சாப்பிட்டாவ?"

"மீனா இருக்கலாம்னு தெரிஞ்சு."

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "நான் யாருட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்மா" என்று போகும்போதே சொன்னாள். கடைசி வரைக்கும் திறக்கவும் இல்லை. அந்தப் பெண்ணின் சிரிப்பை அன்று மன்னித்துவிட்டேன்.

டாக்டரே வெளியே வந்தார். இவர் எழுந்து நின்றார்.

"பேரை எடுக்கப் போறதில்லை" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். "உங்க அளவு நீங்க சரியா சாப்பிட்டிருக்கீங்க. பாதி மாத்திரையை வாய்க்கால்ல கொட்டிட்டு பூரா சாப்பிட்டேன்னு எழுதறவங்களைத்தான் நாங்க பாத்திருக்கோம். இப்படி ஒரு கணக்கு எங்களுக்கு வந்ததில்லை." பிறகு இவரிடம், "சார், நீங்க நிறுத்திடணும்" என்றார்.

"ஒடம்புக்குக் கெடுதல் இல்லேன்னா, இன்னும் ரெண்டு மாசம்தானே" என்று இவர் இழுத்தார்.

"ஆராய்ச்சிக்குக் கெடுதல் சார்."

அதற்கு இவர் கட்டுப்பட்டார். மாத்திரையைத் தொடவில்லை. ஆனால் நான் கடைசி மாத்திரை விழுங்கும் வரைக்கும் கோஷ்டியிலும் நிற்கவில்லை. அந்த மார்கழி முப்பது நாளும் தூணுக்குப் பின்னால்தான். யாராவது கேட்டால் தொண்டை என்று நான் சொன்னேன். அந்தப் பொய்யை நான் ஏற்றுக்கொண்டேன், அது எந்தக் கட்டத்திலும் எழுதுகிற பொய் இல்லை.

மாசியில் மறுபடியும் தொடை வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். டெலிவிஷனில் என் ரத்தக் குழாய் கறுப்பு நூலாக ஓடியது. பலூன் வைத்த இடம் எது என்று கூட எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. டாக்டர் செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சுருங்கலைம்மா, அப்படியே இருக்கு" என்றார். வெளியே வந்ததும் இவரிடம் சொன்னேன். அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பிராயச்சித்தமாகச் சேதுவுக்குப் போய் நீராடிவிட்டு வந்தார். பங்குனியில் ஒரு நாள் காலை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டாவது வரிசையில் அவர் இடத்தில் நின்றார். நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். இருபது குரலில் அந்த ஒரு குரலை நான் தனியாக எடுத்துவிடுவேன். பக்கத்தில் நின்ற அம்மாள் "தொண்டை சரியாயிடுத்து போலிருக்கே, என்ன மருந்து குடுத்தே?" என்று கேட்டாள். கஷாயம் என்றேன்.

தொண்ணூற்றாறில் மதுரையிலிருந்து தபால் வந்தது. அவர் ஆபீஸுக்குத்தான் வந்தது. என் பேருக்கு வந்த தபால் என்பதால் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்களாம். மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் சோள எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சுருங்கியிருக்கிறது. எண்ணெய் தடுக்கவில்லை. எனக்குச் சுருங்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

இவருக்கு முகம் வாடியது. "இத்தனையும் வீணா?" என்றார்.

"வீண் எப்படி ஆகும்? துணி மிதந்தா மிதந்ததுன்னு எழுதறதுக்குப் பேர்தான் சோதனை" என்றேன். "இனிமே இதை நம்பி ஒருத்தரும் ஆறு மாசம் உக்காந்திருக்க வேண்டாம். வேற மருந்து தேடுவா. அந்தக் கணக்குல என் நம்பர் இருக்கு. சுத்தமான நம்பர்." எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

கடைசி வரியில் என் நம்பரும், அந்தப் பாட்டிலில் இருந்தது என்ன என்பதும் இருந்தது. படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன்.

"என்ன போட்டிருக்கு?" என்றார்.

சோளம் என்று சொல்லிவிடலாம். அவர் கேட்டுச் சரிபார்க்கிறவர் இல்லை. பதினைந்து சனிக்கிழமையும் ஒரு வார்த்தையில் சுத்தமாகிவிடும். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தப்புக் கணக்கு என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக ஆரம்பிக்க வேண்டாம் என்று சொன்ன முகம்.

"மீன் எண்ணெய்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நல்ல வேளை" என்றார். "நானும் சாப்பிட்டேன்."